கை ஆடியிருக்கு, சார்வாள்

எனக்குக் கைநடுக்க வியாதி வந்துவிட்டது என்று ஒன்பது நாட்கள் நான் முழுதாக நம்பினேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. ஏதோ லேசான சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போய், பேனா பிடிக்க முடியாமல் போய், என் மனைவி எனக்குச் சோறு ஊட்டிவிடுகிற காட்சி வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சியில் அவள் ஊட்டிய அவியலில் உப்பு குறைவாக இருந்தது. அதற்காக நிஜமாகவே அவள்மேல் கோபம் வந்து, ஒரு மத்தியானம் பூராவும் பேசாமல் இருந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். ஊரில் எனக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. எதையும் கேலி பண்ணுவேன் என்பது ஒன்று. கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரே வீச்சில் முழு வட்டம் போடுவேன் என்பது இன்னொன்று. முதல் பெயரால் எனக்கு எந்த நன்மையும் இல்லை. இரண்டாவதுதான் சோறு போட்டது. வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரி என் வகுப்பில் நுழைந்ததும் ஹெட்மாஸ்டர் சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுப்பார். நான் வட்டம் போடுவேன். அதிகாரி ஒரு நூலை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். டிராயிங் பாடம் தேறிவிடும். அந்த வருஷம், டிராயிங்குக்கும் நெசவுக்கும் தனித்தனி வாத்தியார் எதற்கு, ஒரே ஆள் போதாதா என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. அந்த ஒரே ஆள் நானா, நெசவு வாத்தியாரா என்பது இன்ஸ்பெக்‌ஷனில் முடிவாகும் என்றார்கள். நெசவு வாத்தியார் ராத்திரி பகலாக ஒரு ஜமுக்காளம் நெய்துகொண்டிருந்தார். எனக்கு வட்டம்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த லென்ஸ் வந்து சேர்ந்தது.

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் என் சிநேகிதர். கொழும்பிலும் அவருக்கு ஒரு கடை. ஆனி மாதம் ஊருக்கு வந்தவர் ஒரு புதுக் கேமராவும், தோல் உறைக்குள் இன்னொரு சாமானும் கொண்டுவந்திருந்தார். உறையைத் திறந்தால் சுக்குக் காப்பிக்காரன் தூக்குச்சட்டியைப் படுக்க வைத்த மாதிரி கறுப்பாக, நீளமாக ஒரு கண்ணாடிக் குழாய். டெலிபோட்டோ லென்ஸாம்.

"சார்வாள், இதுல பாத்தா குத்தாலத்து மலையில இருக்க குரங்கு உங்க முன்னால வந்து உக்காந்த மாதிரி இருக்கும்" என்றார் பாய்.

"அதுக்கு லென்ஸ் எதுக்கு பாய்? எட்டாங்கிளாஸ் பி செக்‌ஷனுக்குள்ள போனாலே நாப்பது உக்காந்திருக்கும்" என்றேன்.

"கேலி கிடக்கட்டும். நாங்க எல்லாரும் கடையநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போறோம். மறுவீடு எல்லாம் முடிய ரெண்டு வாரம் ஆவும். அதுவரை நீங்க வச்சிப் பாருங்க. கொழும்புக் கடையில மாட்டுறதுக்கு நம்ம அருவி படம் ஒண்ணு வேணும் எனக்கு."

இங்கே திருகணும், இதை அமுக்கணும் என்று காட்டினார். பாடம் அவ்வளவுதான். பாயைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும்.

என்னிடம் அதுவரை இருந்தது ஒரு பழைய பெட்டிக் கேமரா. வயிற்றோடு அணைத்துப் பிடித்து மூச்சை அடக்கி ஒரு விசையைத் தட்டினால் படம் விழும். புதுக் கேமராவை அப்படிப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். லென்ஸின் கனத்தில் அது முன்பக்கம் குப்புற விழப் பார்த்தது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோபுரம் அந்தக் காலத்தில் பிளந்து மொட்டையாக நின்றது. அந்தப் பிளவில் முளைத்திருந்த அரசங்கன்று இலை இலையாகத் தெரிந்தது. ஆச்சரியப்பட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் பார்த்தேன். கோபுரம் ஆடியது.

தென்காசியில் ஆனிக் காற்றுக்கு எதுதான் ஆடாது? கொடியில் வேஷ்டி ஆடும், கடைவாசலில் போர்டு ஆடும், கோயில் வாசலில் மனிதனே ஆடுவான். கோபுரமும் ஆடிவிட்டுப் போகட்டும் என்று கீழே இறங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சமாதானமாக இருந்த கடைசிச் சாயங்காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். சாரல். சீசன் கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்தே எண்ணெய் வாசனை. பேரருவிக்கு எதிரே லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றதும் ஒரு சங்கடம் புரிந்தது. இவ்வளவு நீளக் குழாயை அருவிப் பக்கம் திருப்பினால், பெண்கள் குளிக்கிற இடத்தைத்தான் பார்க்கிறேன் என்று யாரும் நினைப்பார்கள். என் முதுகுக்கு அது நல்லதில்லை. அதனால் குழாயை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கி, அருவி தொடங்குகிற உச்சியையும் பாறைமேல் குந்தியிருந்த குரங்குகளையும் மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் கையில் கிண்ணத்தோடு வந்து நின்று பார்த்தார்.

"சாமி, இது எத்தன குண்டு போடும்?"

"முப்பத்தாறு."

"குரங்க சுடப்பிடாது சாமி. பாவம்."

"படந்தான்வே எடுக்கேன்."

"அதுக்கு ஏன் ஒம்ம கை இந்தப் பாடு படுது? கொஞ்சம் எண்ணெய் போட்டு உருவி விடட்டா?"

வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்து விரட்டிவிட்டேன். அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை அந்தக் குரங்குகளிடம்தான் கேட்க வேண்டும். தெளிவுக்காக வளையத்தைத் திருகித் திருகிச் சரிபண்ணும்போது குரங்கு நகர்ந்துவிடும். குரங்கு நிற்கும்போது வளையம் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது மறந்துவிடும். இரண்டும் சேர்ந்து வந்தால் கண்ணாடியில் சாரல் விழுந்திருக்கும். வேஷ்டி நுனியால் துடைத்தால் அதில் எண்ணெய் பட்டிருக்கும். முப்பத்தாறையும் முடித்துவிட்டு, குளிக்காமலே குளித்தவனைப் போல் நனைந்து பஸ் ஏறினேன்.

படச்சுருளை எங்கள் தெருமுனை ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் கழுவக் கொடுத்தேன். லென்ஸ் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. படம் வந்ததும் காட்டி அவரை வாயடைக்க வைக்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. புதன்கிழமை போனபோது அவர் நெகட்டிவைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்வாள், கை ஆடியிருக்கே" என்றார்.

"எதுல?"

"எல்லாத்துலயும். முப்பத்தாறும் ஆடியிருக்கு."

ஸ்டூடியோக்காரர்களின் பேச்சில் 'கை ஆடியிருக்கு' என்றால் படம் கலங்கிவிட்டது என்று அர்த்தம். பூனை தட்டிவிட்டுக் கலங்கினாலும் கை ஆடியிருக்கு என்றுதான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முப்பத்தாறும் என்று சேர்த்துச் சொன்னாரே, அது என் காதில் டாக்டர் நாடி பிடித்துச் சொன்னதுபோல் விழுந்தது.

"போன மாசம் பெட்டிக் கேமராவில எடுத்தது நல்லாத்தான வந்தது அண்ணாச்சி?"

"அது போன மாசம்லா" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, இந்த ஒரு மாதத்துக்குள் வியாதி ஆரம்பித்துவிட்டது என்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, கையை நீட்டி அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். தாள் நடுங்கியது. என் அப்பாவுக்கும் கை நடுங்கும். அது அவருடைய எழுபத்தெட்டாவது வயதில். முப்பத்தைந்து வருஷம் முன்னாலேயே எனக்கு எப்படி வரும் என்று ஒரு கேள்வி எழுந்தது. நான் எதிலும் கொஞ்சம் முந்திக்கொள்கிற ஆள் என்று அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் கோபுரம் ஆடியது ஞாபகம் வந்தது. எண்ணெய்க்காரர் கேட்டதும் ஞாபகம் வந்தது. அது காற்று இல்லை. நான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மொட்டைமாடிக்குப் போய், லென்ஸை மாட்டி, கோபுரத்தைப் பார்ப்பேன். காய்ச்சல்காரன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதைப் போல. நேற்றைவிட இன்று அதிகமாக ஆடுகிறதா? பார்க்கப் பார்க்கப் பயம் வரும், பயம் வர வர அது இன்னும் ஆடும். வெள்ளிக்கிழமை வாக்கில் கோபுரம் சாமியாடியது.

பள்ளிக்கூடத்தில் வட்டம் போடப் போனேன். பலாப்பழம் வந்தது. வகுப்பு சிரிப்பதற்கு முன்னால், "இன்னைக்குக் கனி வகைகள்" என்று அறிவித்து, அதற்குக் காம்பும் முள்ளும் வரைந்து தப்பித்தேன். மறுநாள் மாங்காய் வந்தது. அதற்கு மறு வகுப்பில், எவ்வளவு மூச்சுப் பிடித்தும், கொய்யாவுக்கு மேல் ஏறவில்லை. பையன்கள் நோட்டுகளில் ஒரு பழக்கடையே சேர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வெள்ளிக்கிழமை. அதிகாரி நூலை எடுத்து என் பலாப்பழத்தை அளக்கப்போகிறார். பக்கத்து அறையில் ஜமுக்காளம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வெளியூர் வைத்தியர் ஒருவர் சீசன் முழுக்க முகாம் போட்டிருந்தார். 'நரம்புத் தளர்ச்சியா?' என்று சுவரெல்லாம் நோட்டீஸ். தமிழ்நாட்டில் அந்த நோட்டீஸ் எதைப் பற்றியது என்று தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் அதில் ஐந்தாவது வரியில் 'நடுக்கம்' என்று இருந்தது. முதல் நாலு வரியை விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் படித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை படியேறிவிட்டேன்.

வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பத்தொன்பது."

"தொந்தரவு எப்போது முதல்?"

"புதன்கிழமையிலேர்ந்து."

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "எப்போதும் உண்டா, சில சமயம் மட்டுமா?"

"கிட்டத்தில பாத்தா ஒண்ணும் இல்ல. தூரத்தில பாத்தாத்தான் ஆரம்பிக்குது."

"எதைப் பார்த்தால்?"

"மொதல்ல கோபுரம். அப்புறம் குரங்கு."

அவருடைய அனுபவத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர். அரை நிமிஷம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "லேசாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். பாலில் சாப்பிடுங்கள்" என்று ஒரு லேகிய டப்பாவைக் கொடுத்தார்.

டப்பாவும் கையுமாக வெளியே வந்தால், எதிரே உடம்பெல்லாம் எண்ணெயோடு எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். தலைக்குமேல் இருந்த போர்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"என்னவே, நீரு இங்கன?"

"ஒண்ணுமில்லவே. கை."

"கையா?"

"ஆமாவே. கைதான்."

"சரி, கைன்னே வச்சிக்கிடுவோம். நான் ஒருத்தங்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒருத்தனிடம் சொல்லவில்லை, உண்மைதான். மொத்தமாக எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நெசவு வாத்தியார் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். என் எதிரி எனக்கு நாற்காலி கொடுக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பாருங்கள். "ஐயா, நெசமாவே எனக்குக் கை நடுக்கம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். இருபது வருஷமாக எல்லாவற்றையும் கேலி பண்ணியவன், நிஜமாக ஒன்றைச் சொன்னால் யார் நம்புவார்கள்? டிரில் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாவே, கைதான், கைதான்" என்றார்.

உடல்நிலை சரியில்லை என்று லீவு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று நாட்கள் அதைக் கொடுக்கவில்லை. என்ன உடல்நிலை என்று ஹெட்மாஸ்டர் கேட்பார். நான் கை என்பேன். அவரும் சிரிப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"ஏங்க, தண்ணி எடுக்கப் போன எடத்துல எல்லாவளும் என்னையப் பாத்து உச்சுக் கொட்டுதா. ஒருத்தி என் கையப் பிடிச்சிக்கிட்டு 'தைரியமா இரு, அக்கா'ங்கா. என்ன செஞ்சி வச்சிருக்கிய?"

எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தாறு படம், அப்பா, பலாப்பழம், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், போகப்போகிற வேலை. லேகியத்தைக் கடைசியில் சொன்னேன். அவள் லேகியத்துக்குச் சிரிக்கவில்லை. வேலை என்றதும் முகம் மாறிவிட்டது.

"கை ஆடுதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு? காலையில காப்பி ஒரு சொட்டு சிந்தாமத்தான குடிச்சிய?"

"காப்பியில தெரியாது. வா, காட்டுதேன்."

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் லென்ஸை மாட்டினேன். கோபுரத்தைப் பார்த்து, "ஆடுது பாரு, ஆடுது பாரு" என்றேன். நான் பார்த்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? கேமராவைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்தாள்.

"ஆமா. ஆடத்தான் செய்யுது" என்றாள்.

"நான் சொன்னேம்லா" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஜெயித்த பெருமைகூட இருந்தது.

அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இப்பம் இது என் கையிலல்லா இருக்கு."

இந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோன்றியது, ஐயோ, இவளுக்கும் தொற்றிவிட்டதே என்பதுதான். அதை வாய்விட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சேலைத் தலைப்பை மடித்துக் கைப்பிடிச் சுவரின்மேல் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து, குனிந்து பார்த்தாள்.

"இந்தா, நிக்குது. வந்து பாருங்க."

பார்த்தேன். கோபுரம் நின்றது. அரசங்கன்று மட்டும் காற்றில் அசைந்தது.

"இதுக்குத்தான் ஒம்பது நாளா சோறு எறங்காம இருந்தியளா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? குரங்குகிட்ட கேப்பிய, லாட்ஜில இருக்கவன்கிட்ட கேப்பிய" என்று சொல்லிக்கொண்டே அவள் கீழே இறங்கினாள். படி முடிகிறவரை சத்தம் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் கடையநல்லூரிலிருந்து பாய் வந்துவிட்டார், கேமராவை வாங்கிக்கொள்ள. கலங்கின படங்களைக் காட்டினேன். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடடா, கொழும்பில கடக்காரன் சொன்னான் சார்வாள். இது கையில நிக்காது, மூணு கால் ஸ்டாண்டும் சேத்து வாங்குங்கன்னான். எதுக்கு வீண் சொமைன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன், கல்யாண ஜோலியில மறந்துட்டு."

அவரை என்ன செய்வது? லேகிய டப்பாவை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். மறதிக்கும் நல்லது என்று அதில் போட்டிருந்தது. மனைவி முறைத்ததால் விட்டுவிட்டேன்.

அன்று பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஹெட்மாஸ்டர் சாக்பீஸைக் கொடுத்தார். வாசலில் டிரில் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வேலை இருப்பதுபோல் வந்து நின்று என் கையையே பார்த்தார்கள். நான் வட்டம் போட்டேன். அதிகாரி நூலை வைத்து நாலு பக்கமும் அளந்தார். சரியாக இருந்தது. தலையாட்டிவிட்டு ஜமுக்காளம் பார்க்கப் போனார். டிராயிங்கும் நெசவும் தனித்தனியாகவே இருக்கட்டும் என்று ஒரு மாதம் கழித்துத் தாள் வந்தது.

என் கைக்கு எந்த வியாதியும் வந்திருக்கவில்லை. எல்லார் கைக்கும் இருக்கிற அசைவுதான் எனக்கும் இருந்தது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குகிற அந்த லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கியது. சாரல் நாளில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடுகிறபடி வைத்திருந்தேன், ஸ்டாண்ட் இல்லை, அதனால் முப்பத்தாறு படமும் கலங்கின. பலாப்பழம் மட்டும் என் பயம் போட்டது.